நடுதலும் வேர்கொள்ளலும்: சிற்றூர்த் திருச்சபை பற்றிய ஓர் ஆராய்ச்சி

சிற்றூர் ஒன்றில் முன்பு இல்லாத கிறித்தவச் சபையொன்று புதிதாகத் தோன்றுவதைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவரிடையே சில தொடர்கள் வழங்குகின்றன. சபை நிறுவுதல், சபை ஸ்தாபித்தல், சபை நடுதல், சபை நாட்டுதல் என்பன அவை. இவற்றுள் பின்னைய இரண்டும் இன்று பெருவழக்காய் உள்ளன. ஆங்கில மறைப்பணி நூல்களில் பயிலும் ஓர் உருவகத்தைத் தமிழாக்கிக் கொண்டதன் பயனாக இவை பரவின எனலாம். மொழிபெயர்ப்பால் வந்த தொடராயினும், தமிழ்ச்சொல் தன் பழம்பொருளை விட்டு வருவதன்று. ஆதலின் இத்தொடர் எதைச் சொல்லுகின்றது, எதை மறைக்கின்றது என்று ஆராய்வது தமிழ் மாணவர்க்கு உரிய வேலையேயாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாய் அமைவது கொங்குநாட்டுப் பல்லடம் வட்டாரம். விசைத்தறியும் பின்னலாடையும் செழித்த அப்பகுதியில், பிற மாவட்டங்களிலிருந்து தொழில் நாடி வந்தோர் வழியாகவும் உள்ளூர் மக்கள் வழியாகவும் சிறுசிறு ஜெபக்கூட்டங்கள் எழுகின்றன. அவற்றைச் சபை என்று எப்போது அழைப்பது? கூட்டத்தைத் தொடங்கியவர் அறிவிக்கும் நாளிலா, அன்றி ஊரார் தம் வாயால் அவ்வாறு கூறும் நாளிலா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குச் சான்றுகள் நெல்லைச் சீமையிலேயே மிகுதி. ஆதலின் முதற்கண் அங்குச் சென்று, பின்னர்க் கொங்குநாட்டுக்குத் திரும்புவோம்.

1. சொல்லும் பொருளும்

நடுதல் என்னும் சொல் தமிழில் மூவகைச் செயல்களைக் குறிக்கும். ஒன்று, நாற்று நடுதல். ஓரிடத்தில் முளைத்ததை வேரோடு பறித்து மற்றோரிடத்தில் ஊன்றுவது அது. இரண்டு, கல் நடுதல். தொல்காப்பியர் புறத்திணையியலில் வீரனுக்குக் கல்லெடுக்கும் துறைகளை அடுக்குமிடத்து, கால்கோளுக்கும் நீர்ப்படைக்கும் பின்னர் நடுதலை வைத்து, அதன்பின் பெரும்படையும் வாழ்த்தும் கூறினார். சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்துக் காதைகளின் பெயர்களும் இம்முறையை ஒட்டியே அமைந்துள்ளன. மூன்று, கொடியும் தூணும் நாட்டுதல். வென்றவன் தன் வெற்றிக்கு அடையாளமாகச் செய்வது அது.

இம்மூன்றிற்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. நாற்று, மண் ஏற்றுக்கொண்டால் மட்டுமே பிழைக்கும். நடுகல் மண்ணில் வேர்விடாது. ஆயினும் ஊரார் படைத்தும் வாழ்த்தியும் வருவதனால் தெய்வமாகும். கொடிக்கம்பமோ மண்ணின் இசைவையும் வேண்டாது, ஊரின் இசைவையும் வேண்டாது. நாட்டியவன் வலிமை உள்ளளவும் நிற்கும். ஆகவே, சபை நடுதல் என்னும் ஒரே தொடர், நாற்றின் பணிவையும் கொடியின் வெற்றிச் செருக்கையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றது. பேசுவோன் எப்பொருளில் பேசுகின்றான் என்பது அவன் கூற்றின் பிற பகுதிகளைக் கொண்டே அறியப்படும்.

இவ்வுருவகத்தின் மூலம் விவிலியத்திலேயே உண்டு. கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தில், நட்டவர் ஒருவர், நீர் பாய்ச்சியவர் மற்றொருவர், வளரச் செய்தவர் கடவுள் என்னும் கருத்தைப் பவுல் அமைத்துள்ளார். நட்டவன் பெருமை பேசலாகாது என்பதே அவ்விடத்து அவர் வற்புறுத்துவது. பின்வந்த மறைப்பணி வரலாறுகளில் பல, அவ்வுருவகத்தை எடுத்துக்கொண்டு அதன் கருத்தைக் கைவிட்டன என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. முதலூர் காட்டும் உண்மை

திருச்சபை வரலாற்று நூல்களின் வாக்கிய அமைப்பை நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலனாகும். மறைப்பணியாளர் எழுவாய், நாட்டினார் என்பது பயனிலை, சபை செயப்படுபொருள். ஊர்மக்கள் எங்கே நிற்கின்றனர்? பெரும்பாலும் ஏழாம் வேற்றுமையில், இடப்பொருளில் நிற்கின்றனர். இன்னாரிடையே, இன்ன ஊரின்கண் சபை நாட்டப்பட்டது என்பதே அத்தகைய நூல்களின் நடை. மக்கள் வினை செய்வோராகாமல், வினை நிகழும் நிலமாகிவிடுகின்றனர். இதனை வெறும் நடைக்குறை என்று தள்ளுதல் கூடாது. வரலாற்றையே மாற்றிக் காட்டும் குறை இது.

சான்றாக முதலூரைக் காண்போம். திருநெல்வேலிச் சீமையில் 1799ஆம் ஆண்டு கிறித்தவர்க்கென்று அமைந்த முதற்குடியிருப்பு அது. அதனாலேயே அப்பெயர் பெற்றது. அதற்கு முன்னரே 1785இல் பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்னும் பெண்மணியின் முயற்சியால் கோயிலொன்று எழுந்திருந்தது. தஞ்சையிலிருந்து வந்த சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்று அப்பகுதியில் உழைத்தார். சாத்தான்குளம் பகுதியைச் சார்ந்தவரும், தஞ்சையில் கிறித்தவம் தழுவியவருமான தாவீது சுந்தரானந்தம் உபதேசியாராகத் தம் சொந்த மக்களிடமே திரும்பி வந்தார். அவர் சொற்கேட்டுச் சமயம் மாறியோர் தாம் வாழ்ந்த ஊர்களில் துன்புறுத்தப்பட்டனர். அவர்கள் ஒருங்கு வாழ்தற்கென நிலம் வாங்கப்பட்டு, புதிய ஊர் எழுந்தது.

இவ்வரலாற்றில் எழுவாயாய் நிற்பவர் யாவர்? ஊன்றி நோக்கின், ஒரு பெண்ணும், ஒரு தமிழ்க்குருவும், ஓர் உபதேசியாரும், ஊரை விட்டு வெளியேறத் துணிந்த பனையேறிக் குடும்பங்களுமே. ஐரோப்பிய மறைப்பணியாளர் தொலைவில் தஞ்சையிலிருந்து துணைநின்றனர். அத்துணையின் அருமையை மறுத்தல் நன்றி மறத்தலாகும். நிலத்துக்குப் பணமும், வழக்குக்கு ஆதரவும், கல்விக்கு அச்சுநூலும் அவர்வழி வந்தன. ஆயினும் துணை வேறு, வினை வேறு. மூன்றாம் வேற்றுமைக்குரிய கருவியை முதல் வேற்றுமைக்கு ஏற்றிவிடின் பொருள் பிறழும்.

மற்றொன்றும் ஈண்டு நோக்குதற்குரியது. முதலூரில் நிகழ்ந்தது ஊரில் சபை நடுதல் அன்று. சபைக்காக ஊரையே புதிதாக எழுப்புதல். பழைய ஊரின் மண் ஏற்கவில்லை. ஆதலின் நாற்று தனக்கென ஒரு வயலைத் தேடிக்கொண்டது. இம்முறையால் சபை பாதுகாப்புப் பெற்றது. அதே வேளையில், கிறித்தவர் ஊர், பிறர் ஊர் என்னும் பிரிவும் நிலைபெற்றது. இவ்விரு பயனையும் ஒருசேரக் கூறாத வரலாறு நிறைவுடையதாகாது.

3. பெயரிடும் உரிமை

பேராசிரியர் இரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 'ஊரும் பேரும்' என்னும் நூலால் ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்கு வழிவகுத்தார். அவ்வழியிற் சென்று நெல்லைச் சீமையின் கிறித்தவ ஊர்ப்பெயர்களை வகைப்படுத்தினால், யார் நட்டார் என்னும் வினாவுக்குப் பெயர்களே விடை கூறும்.

முதலூர் என்பது நிகழ்ச்சியால் பெற்ற பெயர், தூய தமிழ். நாசரேத்து என்பது விவிலிய ஊரின் பெயரை அப்படியே பெயர்த்து வைத்தது. மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம் என்பன சமயக் கருத்தால் அமைந்தவை. சாயர்புரம் நிலம் வாங்கித் தந்த சாயர் என்பவர் பெயரையும், டோனாவூர் பொருளுதவிய செருமானியப் பிரபு டோனாவின் பெயரையும் தாங்கியவை. இடையன்குடியோ பழைய குடிப்பெயரையே விடாது வைத்துக்கொண்டது.

இவ்வகைகளுள் எது சிறந்தது என்று தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. கொடையாளர் பெயரை வைப்பது நன்றியறிதல். எனினும் கல்வெட்டில் கொடுத்தோன் பெயர் பொறிப்பது போன்றதே அது. விவிலியப் பெயர் ஊரைத் தொலைநாட்டுத் திருத்தலத்தோடு உறவாக்குகின்றது. நாசரேத்து என்னும் பெயரை மேற்குறித்த பனங்காட்டு மக்கள் தம் நாவிற்கேற்ப வழங்கித் தமதாக்கிக்கொண்டனர். இன்று அது அயற்பெயராய் ஒலிப்பதில்லை.

ஊர்ப்பெயரினும் சிறந்த சான்று மக்கள் வழக்கில் உண்டு. தென்மாவட்டச் சிற்றூர்களில் கிறித்தவரை 'வேதக்காரர்' என்றும், அவர்தம் வழிபாட்டிடத்தை 'வேதக்கோயில்' என்றும் பிறசமயத்தார் வழங்குவர். தேவாலயம், திருச்சபை என்பன புலமையோர் ஆக்கிய சொற்கள். வேதக்கோயில் என்பதோ யாரும் அமர்ந்து ஆக்கியதன்று. அருகில் வாழ்ந்த ஊரார் கண்டு பெயரிட்டது. கோயில் என்னும் தம் சொல்லை மறுக்காமல் வழங்கி, வேதம் என்னும் அடைமொழியால் மட்டும் வேறுபடுத்தினர். நூலை வைத்து ஓதும் கோயில் இது என்பது அவர்தம் கருத்துப்போலும். ஓர் ஊரின் பொதுவழக்கில் ஒரு சொல் இவ்வாறு இடம்பெறும்போதே, அச்சொல் சுட்டும் பொருளும் அவ்வூரில் வேர்கொண்டது என்க. இதனை நடுகல்லோடு ஒப்பிடலாம்: நட்டவன் கைத்திறத்தால் அன்று, வாழ்த்துவோர் வாய்மொழியால் அது நிலைபெறுகின்றது.

4. இடையன்குடியும் பிரகாசபுரமும்

இடையன்குடி என்றவுடன் கால்டுவெல் நினைவுக்கு வருவார். 1841இல் அவ்வூரை அடைந்து, அரைநூற்றாண்டளவு அதனையே தம் இருப்பிடமாகக் கொண்டார். தெருக்களை ஒழுங்குபடுத்தினார், பள்ளிகளை வளர்த்தார், 1847இல் தொடங்கிய திருக்கோயில் 1880இல் முடிவெய்திற்று. 1856இல் வெளிவந்து மொழிநூல் உலகையே திருப்பிய ஒப்பிலக்கணமும் அப்பனங்காட்டு ஊரில் வாழ்ந்த காலத்தே உருவாயிற்று. 1891இல் கோடைக்கானலில் உயிர் நீத்த அவர் உடல் இடையன்குடிக்கே கொண்டுவரப்பட்டது. நாற்று மட்டுமன்று, நட்டவரும் அம்மண்ணில் வேர்கொண்டார் என்று கூறுதல் மிகையாகாது.

ஆயினும் அவர் 1849இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சாணார் பற்றிய நூலைத் திறனாய்வாளர் மறைத்துவிடலாகாது. மறைப்பணிக்கு மேனாட்டில் ஆதரவு திரட்டும் நோக்குடன் எழுதப்பட்ட அந்நூல், அம்மக்களின் தோற்றம், அறிவு, வழிபாடு ஆகியன பற்றித் தாழ்வான முடிபுகளைக் கூறிற்று. மேலே யாம் சுட்டிய ஏழாம் வேற்றுமைக் குறை அதில் முழுவடிவில் உள்ளது: மக்கள் விளக்கப்படுகின்றனர், பேசுவதில்லை. கல்வி கற்ற அச்சமூகத்தார் அந்நூலைப் படித்தபோது கொதித்தெழுந்தனர். பிற்காலத்தில் அந்நூல் வழக்கிலிருந்து விலக்கப்பட்டது. படிப்பித்தவர் நூலுக்குப் படித்தவர் எதிருரை எழுதியமையே அக்கல்வியின் உண்மைப் பயன் எனலாம்.

எதிருரை எழுத்தோடு நிற்கவில்லை. சாயர்புரத்துக் கல்விக்கூடத்தில் பயின்று உபதேசியாராயிருந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, மேனாட்டு மறைப்பணியாளரோடு மாறுபட்டு நீங்கி, 1857இல் நாசரேத்துக்கு அருகிலுள்ள பிரகாசபுரத்தில் ஏக இரட்சகர் சபை என்னும் தனிச்சபையைத் தோற்றுவித்தார். இந்துக் கிறிஸ்தவ சபை என்றும் அது வழங்கியது. இந்து என்னும் சொல் அங்கு இந்நாட்டுக்குரியது என்னும் பொருள் தந்து நின்றது. ஐரோப்பியர் ஆட்சியை அச்சபை ஏற்கவில்லை. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. நறும்புகையிட்டும் தாள்பணிந்தும் வழிபட்டது. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலேயே கீழ்நாட்டு வழக்கங்கட்கு ஆதாரம் உண்டு, ஐரோப்பிய வழக்கங்கள் வேதத்தின் பாற்பட்டன அல்ல என்பது அதன் கொள்கை.

சிற்றூர் ஒன்றில் தமிழரே எழுவாயாகித் தோற்றுவித்த புதிய சபைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹென்றி வென், அமெரிக்காவில் ரூபஸ் ஆண்டர்சன் ஆகிய மறைப்பணிச் சங்கச் செயலாளர்கள், ஒரு சபை தன்னைத் தானே ஆளவும், தாங்கவும், பரப்பவும் வேண்டும் என்னும் மூன்று கொள்கைகளை வகுத்துக்கொண்டிருந்தனர். கொள்கையாளர் எதிர்பாராத முறையில் பிரகாசபுரம் அதனைச் செய்துகாட்டியது. ஆயினும் அச்சபை பெரும்பாலும் ஒரே சமூகத்தாரிடையே நின்றுவிட்டது. வேர் கொண்டது உண்மை, கிளை பரப்பவில்லை. எழுவாயாதல் மட்டும் போதாது, யாரை உள்ளடக்கிய எழுவாய் என்பதும் வினாவுக்குரியது என்பதை இது உணர்த்தும்.

5. பாட்டும் சாதியும்

சபை மக்கள் நாவில் ஏறுவதற்குப் பாட்டே தலைவாயில். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பெத்லகேம் குறவஞ்சி முதலியவற்றால் தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவத்தையும் கீர்த்தனை மரபையும் வழிபாட்டிற்குள் கொணர்ந்தார். அமெரிக்க மதுரை மறைப்பணியைச் சார்ந்த எட்வர்டு வெப் 1853இல் கீர்த்தனைத் தொகுப்பொன்றை வெளியிட்டபோது, சாஸ்திரியாரின் பாடல்களே அதற்குப் பெருந்துணையாயின. மேனாட்டு மெட்டில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் ஒருபுறம் நிற்க, இராகமும் தாளமும் தமிழ்நாட்டுக்குரிய பாடல்கள் சிற்றூர்ச் சபையாரை எளிதில் ஈர்த்தன.

கொங்குநாட்டில் இம்முறையை முயன்று வளர்த்தவர் ஈரோட்டைச் சார்ந்து இலண்டன் மறைப்பணிச் சங்கத்தில் உழைத்த எச். ஏ. பாப்லி. அச்சங்கம் 1830 முதல் கோயமுத்தூர் வட்டாரத்தில் பணியாற்றிவந்தது. பாப்லி தமிழிசையை முறையாகக் கற்று, கதாகாலட்சேப முறையில் இசையோடு கதை கூறி ஊர்கள் தோறும் நற்செய்தி அறிவித்தார். எல். ஐ. ஸ்டீபன் என்பாருடன் சேர்ந்து 1914இல் இசைவழி நற்செய்திப் பணிக்கு ஒரு கைந்நூல் எழுதினார். 1921இல் இந்திய இசை பற்றிய நூலும், 1931இல் திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளியிட்டார். ஊராரின் கலை வடிவைக் கற்று, அவர்முன் மாணவராய் நின்றபின்னரே ஆசிரியராகத் துணிந்தவர் இவர் என்பது இவ்வரிசையால் விளங்கும்.

பாட்டு இணைக்கும்; ஆயின் அனைத்தையும் இணைத்துவிடுமா? சாஸ்திரியார் வாழ்வே இதற்கு மறுமொழி. சபையில் எல்லாச் சாதியாரும் ஒன்றாய் அமர்தல் வேண்டும் என்று புதிய மறைப்பணியாளர் வற்புறுத்தியபோது, அவர் சாதி வழக்கங்களை ஆதரித்து வாதிட்டார். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிதல் வேண்டும் என ஆணையிட்டார். தஞ்சை முதலிய இடங்களில் பலர் அதனை எதிர்த்தனர். ஆகவே, தமிழ்மரபு என்று நாம் போற்றுவதனுள் கீர்த்தனையும் உண்டு, சாதிப்பந்தியும் உண்டு. மண்ணில் வேர்கொள்ளல் என்பதை மண்ணின் நோயையும் ஏற்றல் என்று கொள்ளுதல் தவறாகும்.

இந்தியாவில் பிறந்து இங்கேயே பணியாற்றிய டொனால்டு மக்காவ்ரன் 1955இல் வெளியிட்ட நூலில், சமயமாற்றம் உறவுமுறைகளாகிய பாலங்களின் வழியே நிகழ்வது இயல்பு என்று வாதிட்டார். முதலூர் வரலாறு அவர் கூற்றுக்கு ஒருவாறு அரண் செய்கின்றது. தாவீது தம் உறவினரிடமே வந்தாரன்றோ? எனினும் நம் நாட்டில் உறவுப்பாலம் பெரும்பாலும் சாதிப்பாலமே. அப்பாலத்தின் வழி வந்தோர் மறுகரையிலும் அச்சாதியாகவே குடியேறுவர். இக்கொள்கை சபை பெருகுதற்கு விளக்கமாகலாம். சபை எத்தகையதாதல் வேண்டும் என்பதற்கு விதியாகாது.

6. பல்லடத்துக்குப் பொருந்துமாறு

இனிக் கொங்குநாட்டுக்குத் திரும்புவோம். பல்லடம் பெரும்பாலும் புன்செய் நிலம். சோளமும் கம்பும் பருத்தியும் விளைந்த மண். திருப்பூர் ஒருகாலத்தில் பல்லடம் வட்டத்தினுள் அடங்கியிருந்தது. பின்னர்ப் பின்னலாடைத் தொழிலால் பெருநகராகி, 2009இல் தன் பெயரால் தனி மாவட்டமாயிற்று. பல்லடம் அதனுள் ஒரு வட்டமாக அடங்கியது. பருத்தி விளைந்த ஊர்களில் விசைத்தறிக் கூடங்கள் எழுந்தன. உழவரோடு கூலித்தொழிலாளரும் பெருகினர்.

இங்குச் சபையின் நிலை நெல்லையினின்று இருவகையில் வேறுபட்டது. நெல்லையில் ஊரோடு ஊராகப் பெயர்ந்து தனிக்குடியிருப்பு அமைத்தல் வழக்காயிருந்தது. கொங்குச் சிற்றூர்களில் சபையைச் சேர்ந்தோர் பலர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். அவர்கள் இருந்த சேரியிலேயே வழிபாட்டிடம் எழுந்தது. ஆகவே, ஊருக்குள் சபை வந்தது என்பதைவிட, ஊரால் ஊருக்குப் புறத்தே வைக்கப்பட்டோரிடம் வந்தது என்பதே உண்மை. சபை ஊரின் ஒற்றுமையைக் குலைக்கின்றது என்று கூறுவோர், அதற்கு முன்னரே ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாய்க் கிடந்ததை மறந்துவிடுகின்றனர்.

சபையில் சேர்தல் அம்மக்களுக்கு இழப்பின்றி நிகழ்வதுமன்று. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியார்க்குரிய உரிமைகளை இந்து சமயத்தார்க்கு வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் அவ்விரு திருத்தங்களிலும் இடம்பெறவில்லை. எனவே, ஆசைகாட்டி மாற்றப்பட்டோர் என்று அவர்களைப் பேசும் வசையும், எம்மால் நடப்பட்டோர் என்று அவர்களைப் பேசும் பெருமையும் ஒரே குறையுடையன. இரண்டும் அம்மக்களை எழுவாயாக ஏற்க மறுக்கின்றன. இழப்பை அறிந்தும் ஒருவன் ஒன்றைத் தேர்ந்துகொண்டான் எனின், வினைமுதல் அவனே.

இரண்டாம் வேறுபாடு, வந்தேறிய தொழிலாளரால் எழும் சபைகள். வரிசைவீட்டின் ஓர் அறையிலோ வாடகைக் கூடத்திலோ ஞாயிறுதோறும் கூடுவோர், தாம் பிறந்த ஊரின் கீர்த்தனைகளையும் ஒலிப்பையும் உடன்கொண்டு வருகின்றனர். அவை பறித்து நட்ட நாற்று என்னும் பெயருக்கு முற்றிலும் பொருந்தும். அயலூரில் தனித்து வாழ்வோர்க்கு அக்கூட்டம் உறவும் ஆறுதலும் ஆகின்றது. எனினும் வந்தோர் மட்டுமே கூடி, வேலை மாறியவுடன் கலையும் கூட்டம் இன்னும் நாற்றங்கால் நிலையிலேயே உள்ளது. உள்ளூர் மக்களின் பேச்சு அக்கூட்டத்தின் மன்றாட்டில் ஒலிக்கவும், அக்கூட்டத்தின் பெயர் உள்ளூர் மக்கள் பேச்சில் இயல்பாய் வழங்கவும் தொடங்கும்போதே அது வயலுக்கு வந்தது எனலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் போதரும் கருத்து ஒன்றே. சிற்றூரில் புதிய சபையைத் தோற்றுவித்தல் நடுவோனின் வினையால் தொடங்கலாம். மக்களின் வினையாலேயே முற்றுப்பெறும். ஆதலின் இத்தகைய சபை வரலாறுகளை ஆராய்வோர் நான்கு வினாக்களைக் கேட்டல் வேண்டும். பெயரிட்டவர் யார்? பாடுவோர் யாருடைய மொழியில் பாடுகின்றனர்? நிலமும் கணக்கும் யார் பொறுப்பில் உள்ளன? ஒரே பந்தியில் அமர்வோர் யார் யார்? முதலூர் முதல் வினாவுக்கும், ஈரோட்டுப் பணி இரண்டாவதற்கும், பிரகாசபுரம் மூன்றாவதற்கும் நல்ல விடை தருகின்றன. நான்காவதற்கு முழுவிடை தரும் சபையை இக்கட்டுரை கண்ட சான்றுகளுள் காணவில்லை.

அவ்விடையைப் பல்லடம் போன்ற வட்டாரங்கள் தரக்கூடும். பல ஊர்களினின்றும் பல சமூகங்களினின்றும் வந்தோர் ஒரே தறிக்கூடத்தில் உழைக்கும் இடம் அது. பழைய உறவுப்பாலங்கள் அங்கு முன்போல் வலியுடையன அல்ல. அத்தகைய இடத்தில் எழும் சபைகளின் வழக்காறுகளையும், பாடல்களையும், அவற்றை ஊரார் குறிக்கும் சொற்களையும் இப்போதே தொகுத்தல் வேண்டும். மன்றாட்டும் சாட்சியும் பெரும்பாலும் வாய்மொழியாகவே நிகழ்வதால், தொகுக்கப்படாதவை ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோகும். முதுகலை மாணவர் இத்துறையில் இறங்குவாராயின், சமய வரலாற்றுக்கு மட்டுமன்றிச் சமூகப் பேச்சுவழக்கு ஆராய்ச்சிக்கும் நற்பயன் விளையும். அவ்வாராய்ச்சியிலேனும் மக்கள் ஏழாம் வேற்றுமையினின்று மீண்டு முதல் வேற்றுமையில் நிற்பாராக.